கொலுசு விளம்பரத்துக்கு எந்த நிறம்? நாலு மாதச் சோதனைக் குறிப்பு

ஏற்காடு போகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறேன். சேலத்திலிருந்து மலைக்கு எத்தனை மணிக்கு பஸ், 20 கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைக்குக் குமட்டாமல் இருக்க என்ன செய்யலாம், காபிப் பூ எப்போது பூக்கும், இதெல்லாம்தான் அதில் இருக்கும். கூகுள் விளம்பரம் ஓடுகிறது. 2018 பிப்ரவரியில் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்த பிறகுதான் தளத்தை நடத்தும் செலவு கட்டுப்படியானது. அது தவிர, ஒவ்வொரு கட்டுரையின் நடுவிலும் ஒரு பெட்டியை என் கையிலேயே வைத்திருக்கிறேன். அதில் வருவது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பா மகனின் விளம்பரம். ஒரு போட்டோ, இரண்டு வரி, கீழே வாட்ஸ்அப் பட்டன். அமுக்கினால் அண்ணியின் போனுக்குச் செய்தி போகும்.

பெட்டியை முதலில் வெள்ளையாகவே விட்டிருந்தேன். என் தளமும் வெள்ளைதான், தலைப்புகள் பச்சை. மெல்லிய சாம்பல் கோட்டுக்குள் விளம்பரம் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. ஒரு மாதம் ஆகியும் அண்ணிக்கு வந்த விசாரிப்புகளை விரல் விட்டு எண்ணலாம். அண்ணன் போன் செய்தார்.

“பாப்பா, அதைச் செவப்புல போடேன். கடை போர்டுன்னா செவப்புதான், எதிர் வரிசையில இருந்தே தெரியும்.”

பின்னாலிருந்து அண்ணி குரல்: “மஞ்சள்ல போடச் சொல்லுங்க. நகைக்கு மஞ்சள்தான் மங்களகரம்.”

எனக்கோ ஆரஞ்சு நல்லது என்று எங்கோ படித்த நினைவு. மூன்று பேருக்கு மூன்று நிறம். யார் சொல்வது சரி என்று போட்டே பார்த்துவிடலாம் என இறங்கினேன். ஏப்ரல் கடைசியில் தொடங்கியது, ஆகஸ்ட் முடிகிற வரைக்கும் இழுத்தது. சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் தவறுகளோடு சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, வாரத்துக்கு ஒரு நிறம் என்று மாற்றியது. ஏப்ரல் கடைசியில் சிவப்பு. மே மாதம் மஞ்சள். மஞ்சள் வாரத்தில் தளத்துக்கு வந்தவர்கள் பல மடங்கு கூடிவிட்டார்கள், ஆனால் நூறு பேர் பார்த்தால் எத்தனை பேர் அமுக்குகிறார்கள் என்ற விகிதம் பாதியாகச் சரிந்தது. மஞ்சள் தேறாது என்று அண்ணியிடம் சொல்லியும் விட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: அது ஏற்காடு கோடை விழா நடந்த வாரம். வந்தவர்கள் பாதி பேர் அடிவாரத்தில் நின்றுகொண்டு அடுத்த பஸ் எப்போது என்று தேடியவர்கள். அவர்களுக்குக் கொலுசு பார்க்க நேரம் ஏது? நிறத்தை மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு ஆட்களை மாற்றியிருக்கிறேன். மஞ்சள் மேல் பழி போட்டதற்கு அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆக, இரண்டு நிறமும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி ஆட்களுக்குப் போக வேண்டும். இதற்கு ஏ-பி சோதனை என்று பெயர். சர்வரில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பக்கம் திறக்கும்போது காசு சுண்டுகிற மாதிரி ஒரு எண்ணை எடுக்கும், தலை விழுந்தால் சிவப்பு, பூ விழுந்தால் மஞ்சள். ஐந்து நாள் ஓடிய பிறகு கணக்கைத் திறந்தால், சில கட்டுரைகளில் சிவப்பு மட்டுமே நூற்றுக்கணக்கில் காட்டப்பட்டிருக்கிறது, மஞ்சள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் கேஷ் பிளக்-இன். தளம் வேகமாகத் திறக்க அது முதல் ஆளுக்குத் தயாரான பக்கத்தைப் பத்திரப்படுத்தி, அடுத்து வரும் எல்லோருக்கும் அதையே நீட்டும். முதல் ஆளுக்குச் சிவப்பு விழுந்தால், கேஷ் காலியாகும்வரை ஊருக்கே சிவப்புதான். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஐந்து நாள் கணக்கை அப்படியே தூக்கிப் போட்டேன்.

பிறகு காசு சுண்டும் வேலையை வாசகரின் போனுக்கே மாற்றினேன். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நாலு வரிதான். ஒருவருக்கு ஒரு முறை விழுந்த நிறத்தை அவர் போனிலேயே சேமித்துவிடும், மறுநாள் வந்தாலும் அதே நிறத்தையே காட்டும். காலையில் சிவப்பு, மாலையில் மஞ்சள் என்று பார்த்த ஒருவர் எதற்காக அமுக்கினார் என்று யாரால் சொல்ல முடியும்? பெட்டிக்கான உயரத்தை முன்பே ஒதுக்கி வைத்தேன், இல்லாவிட்டால் நிறம் வந்து உட்காரும்போது எழுத்தெல்லாம் கீழே குதிக்கும்.

எண்ணுவதிலும் ஒரு திருத்தம். பக்கம் திறந்தாலே ஒரு பார்வை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பெட்டியோ கட்டுரையின் நடுவில் இருக்கிறது. பாதிப் பேர் அவ்வளவு தூரம் வருவதே இல்லை. விளம்பரத் துறையில் ஒரு வழக்கம் உண்டு: விளம்பரத்தின் பாதியாவது ஒரு நொடியாவது திரையில் தெரிந்தால்தான் அது கண்ணில் பட்டதாகக் கணக்கு. நானும் அதையே வைத்துக்கொண்டேன். என் போன், என் லேப்டாப், அண்ணன் வீட்டு போன்கள் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து விலக்கினேன். இப்படி எண்ணினால் அந்தப் பெட்டி நாளுக்கு ஏறக்குறைய 700 முறை கண்ணில் படுகிறது.

இந்த இடத்தில் ஒரு வாரம் நிறத்தைத் தொடவே இல்லை. இரண்டு பெட்டிக்கும் ஒரே வெள்ளை, ஒரே பட்டன். பெயர் மட்டும் அ, ஆ. கருவி நேராக அளக்கிறதா என்று பார்ப்பதற்காக. காய்கறிக்கடையில் தராசில் பொருள் வைக்கும் முன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதில்லையா, அதுபோல. ஜூன் முதல் வாரத்தில் தலைக்கு 2,100 பார்வை. அ-வுக்கு 15 க்ளிக், ஆ-வுக்கு 23. இரண்டும் ஒரே பெட்டி! இது மட்டும் சிவப்பு, மஞ்சளாக இருந்திருந்தால் “ஐம்பது சதவீதம் அதிகம்” என்று அண்ணனுக்கு உடனே போன் செய்திருப்பேன்.

தற்செயலுக்கு இவ்வளவு வீச்சு உண்டு என்று அன்றைக்குத்தான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லோரும் செய்யக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் பார்வைகள் சமமாக இருந்தால், இரண்டு க்ளிக் எண்ணிக்கையையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 15-ம் 23-ம் 38. வர்க்கமூலம் ஆறு சொச்சம். வித்தியாசம் அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் ஏதோ இருக்கிறது என்று எண்ணலாம். இங்கே வித்தியாசம் 8, தாண்ட வேண்டியது 12. ஒன்றுமில்லை. எத்தனை பார்வை வேண்டும் என்று முன்கூட்டியே பார்க்க வேறு கணக்கு இருக்கிறது. நூற்றுக்கு ஒருவர் அமுக்கும் பெட்டி 1.3 ஆக உயர்ந்தது என்று நம்பிக்கையாகச் சொல்ல, ஒவ்வொரு நிறத்துக்கும் ஏறக்குறைய 20,000 பார்வை வேண்டும். என் தளத்துக்கு அது இரண்டு மாத வேலை. ஒன்றிலிருந்து இரண்டாக உயர்ந்தால் 2,400 பார்வையிலேயே தெரிந்துவிடும். சின்னத் தளம் நடத்துபவர்கள் பெரிய வித்தியாசங்களைத்தான் தேட வேண்டும். சின்ன வித்தியாசங்கள் நம் கண்ணுக்குச் சிக்காது.

கூகுள் நிறுவனம் இணைப்புகளுக்கு 41 வகை நீலத்தைச் சோதித்த கதை 2009-ல் வெளியே வந்தது. அது அவர்களுக்குச் சரி, அவர்களிடம் கோடிக்கணக்கில் பார்வை இருக்கிறது. இன்னொரு புகழ்பெற்ற சோதனை 2011-ல் வெளியானது. பெர்ஃபார்மபிள் என்ற நிறுவனத்தின் பக்கத்தில் பச்சைப் பட்டனைவிடச் சிவப்புப் பட்டனுக்கு 21 சதவீதம் அதிக க்ளிக். “சிவப்பே சிறந்தது” என்று இன்றுவரை இதைக் காட்டித்தான் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள்: மற்ற இடங்களிலும் பச்சைதான். பச்சைக்கு நடுவே பச்சைப் பட்டன் எப்படித் தெரியும்? தட்டுவடை செட்டில் புதினாச் சட்னி மேல் மல்லித்தழையைத் தூவினால் கண்ணுக்குத் தெரியாது, காரட்டைத் துருவிப் போட்டால் தெரிகிறது. அதற்காகக் காரட்டின் நிறம்தான் உசத்தி என்று ஆகிவிடாது.

ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து நாலு வாரம், பெட்டி முழுக்கச் சிவப்பு ஒரு பக்கம், கருநீலம் ஒரு பக்கம். சுத்தச் சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து கொஞ்சம் கூசியது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பின் அணுகல்தன்மை நெறிமுறை எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5 மடங்கு ஒளி வேறுபாடு கேட்கிறது, சிவப்புக்கு 4-தான் வருகிறது. ஆகவே சிவப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினேன். தலைக்கு 9,800 பார்வை. சிவப்புக்கு 92, நீலத்துக்கு 97. கணக்குப்படி இரண்டும் ஒன்றே. பழைய வெள்ளைப் பெட்டியின் விகிதமும் கிட்டத்தட்ட இதுதான். “அவ்வளவு பளிச்சுனு இருக்கு, எப்படிம்மா பார்க்காமப் போறாங்க?” என்று அண்ணன் கேட்டார்.

பளிச்சென்று இருப்பதுதான் காரணமாக இருக்கலாம். இணையத்தின் முதல் பேனர் விளம்பரம் 1994 அக்டோபரில் வந்தபோது மக்கள் ஆவலோடு அமுக்கினார்கள். நாலே வருடத்தில், 1998-ல், பென்வே, லேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேனர் குருட்டுத்தன்மை என்று ஒன்றை எழுதிவிட்டார்கள். தாங்கள் தேடி வந்த விஷயமே பெரிய, வண்ணமயமான பட்டையில் இருந்தும் மக்கள் அதைத் தாண்டிப் போனார்கள். பட்டையாகத் தெரிந்தாலே விளம்பரம் என்று கண் ஒதுக்கிவிடுகிறது. கடைவீதியில் போர்டு சிவப்பாக இருப்பது கடையைத் தேடி வருபவருக்கு உதவும். பஸ் நேரம் தேடி வந்தவர் கொலுசுக் கடையைத் தேடவில்லையே.

ஜூலையில் பெட்டியை மறுபடி வெள்ளையாக்கி, பட்டனை மட்டும் மாற்றினேன். முதலில் இருந்தது வாட்ஸ்அப்பின் இளம்பச்சை, மேலே வெள்ளை எழுத்து. அளந்து பார்த்தால் ஒளி வேறுபாடு 2-ஐக்கூடத் தொடவில்லை. ஒரு மதியம் கன்னங்குறிச்சியிலிருந்து கிளம்பி, மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவுக்கு எதிரே ரோட்டோரம் நின்று, வெயிலில் என் போனில் பார்த்தேன். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956-ல் கொடுத்த ஸ்டுடியோவின் வாசல் அது. அங்கே நின்று பார்த்தால் என் பட்டனில் எழுத்தே இல்லை, வெறும் பச்சைப் பட்டை. வீட்டுக்குள் லேப்டாப்பில் அழகாகத் தெரிந்தது மலை ரோட்டில் மறைந்துவிடுகிறது. என் வாசகர்கள் அந்த ரோட்டில்தான் இருக்கிறார்கள். உடனே கரும்பச்சைக்கு மாற்றினேன். இது சோதனைக்கே தேவையில்லாத திருத்தம், யாரும் தயங்காமல் செய்யலாம்.

பிறகு கரும்பச்சைப் பட்டனுக்கு எதிராக நான் நினைத்த ஆரஞ்சு, கறுப்பு எழுத்தோடு. இரண்டு வாரம், தலைக்கு 4,900 பார்வை. பச்சைக்கு 44, ஆரஞ்சுக்கு 71! வித்தியாசம் 27, தாண்ட வேண்டியது 21-தான். முதன்முறையாக ஒரு நிறம் ஜெயித்தது. மகிழ்ச்சியோடு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன்.

அண்ணி நோட்டை எடுத்து வைத்தார். பட்டனை அமுக்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி தானாக எழுதி நிற்கும்படி செய்திருந்தேன்: “கொலுசு விவரம் வேண்டும் - அ”. ஆரஞ்சிலிருந்து வந்தால் ஆ. அண்ணி ஒவ்வொரு செய்தியையும் அந்த எழுத்தோடு நோட்டில் குறித்து வந்தார். பச்சையிலிருந்து 10 பேர் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஆரஞ்சிலிருந்து 9.

“க்ளிக்கு கூடுனா எனக்கு என்னம்மா, ஆள் கூடலையே” என்றார். அவர் சொன்னதுதான் சரி. 71 பேரில் 62 பேர் வாட்ஸ்அப் வரை போய், ஒன்றும் அனுப்பாமல் திரும்பியிருக்கிறார்கள். போன் வேறு செயலிக்குப் போய் எத்தனை நொடியில் என் பக்கத்துக்குத் திரும்புகிறது என்பதையும் குறித்து வைத்திருந்தேன். ஆரஞ்சில் பெரும்பாலும் மூன்று நொடிக்குள்.

அன்றிரவு என் பக்கத்தை ஒரு வாசகராக மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். பெட்டிக்கு இரண்டு பத்தி கீழே “அடுத்த பகுதி” என்ற பட்டன். அதுவும் ஆரஞ்சு. அதே வளைந்த ஓரம், ஏறக்குறைய அதே அகலம். கட்டுரையைத் தொடர்ந்து படிக்க ஆரஞ்சை அமுக்க வேண்டும் என்று என் தளமே வாசகருக்குப் பழக்கிவைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் கொலுசுப் பட்டனையும் அமுக்கி, வாட்ஸ்அப் திறந்ததும் திகைத்துத் திரும்பியிருக்கிறார்கள். ஒரு பாட்டி பேத்தியோடு மலைக்குப் போகத் தகவல் தேடும்போது, நான் அவரை வழிதவற விட்டிருக்கிறேன். அன்றிரவே ஆரஞ்சை எடுத்துவிட்டேன். தளத்தின் உள்ளடக்கத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி விளம்பரத்தை அலங்கரிக்கக் கூடாது என்று ஆட்சென்ஸ் விதியே இருக்கிறது. கூகுள் விளம்பரத்துக்கு அதைப் பயத்தோடு கடைப்பிடித்த நான், சொந்தப் பெட்டிக்கு யோசிக்கவில்லை. இப்போது பெட்டியின் தலையில் “விளம்பரம்” என்று தெளிவாகப் போட்டிருக்கிறேன்.

ஜூலை கடைசியில் வேறு வேலையாகப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. பாலிஷ் முடிந்து வந்த ஜோடிகளை அண்ணன் எடைபோட்டு மடித்துக்கொண்டிருந்தார். ஒரு கொலுசு மேஜை மேல் விரித்த வெள்ளைத் துணியில் கிடந்தது. அதை எடுத்து, சதுரமாக வெட்டிய ரோஸ் காகிதத்தின் நடுவில் வைத்தார். அதுவரை ஒரு சாம்பல் கோடாகக் கிடந்தது, காகிதத்தில் விழுந்ததும் கண்ணி கண்ணியாகப் பிரிந்து தெரிந்தது. ஓரத்தில் தொங்கும் முத்து ஒவ்வொன்றையும் எண்ணலாம். முத்தின் அடிப்பக்கத்தில் ரோஸ் நிறம் மெல்லிதாக ஏறி, மேல்பக்கம் வெள்ளையாக மின்னியது. உலோகங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதிகம் திருப்பி அனுப்புவது வெள்ளிதான். பக்கத்தில் எது இருக்கிறதோ அதை வாங்கிக் காட்டும். வெள்ளைத் துணியில் வைத்தால் வெள்ளையை வாங்கிக்கொண்டு அதிலேயே கரைந்துவிடுகிறது.

என் விளம்பரத்திலிருந்த போட்டோ வெள்ளைப் பின்னணியில் எடுத்தது. வெள்ளைத் தளம், வெள்ளைப் பெட்டி, வெள்ளைப் பின்னணி, நடுவில் வெள்ளி. மூன்று மாதம் பெட்டிக்கும் பட்டனுக்கும் நிறம் தேடியிருக்கிறேன், விற்கிற பொருளே கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

“இந்தக் காகிதம் எதுக்குண்ணா எப்பவும் ரோஸ்லயே இருக்கு?”

“அப்பா காலத்துல இருந்தே இதுதான். இதுல வெச்சுப் பிரிச்சாத்தான் பொருள் எடுப்பா தெரியும்.”

அங்கேயே ஜன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சத்தில், அந்தக் கொலுசைக் காகிதத்தோடு படம் எடுத்தேன். காகிதத்தின் மடிப்புக் கோடுகள் தெரியட்டும் என்று அப்படியே விட்டேன். பெட்டி வெள்ளை, பட்டன் கரும்பச்சை, எழுத்து அதே இரண்டு வரி. படம் மட்டும் மாறியது: ஒருவருக்குப் பழைய வெள்ளைப் பின்னணி, ஒருவருக்கு ரோஸ் காகிதம்.

நாலு வாரம், தலைக்கு சுமார் 10,000 பார்வை. வெள்ளைக்கு 96 க்ளிக், ரோஸுக்கு 171. வித்தியாசம் 75, தாண்ட வேண்டியது 33. அண்ணியின் நோட்டில் வெள்ளையிலிருந்து 21 பேர், ரோஸிலிருந்து 40 பேர். க்ளிக்கும் கூடியிருக்கிறது, ஆளும் கூடியிருக்கிறார்கள். ஆடி மாதம் என்பதால் மொத்த விசாரிப்பு அதிகம்தான், ஆனால் இரண்டு படமும் அதே நாட்களில் ஓடியதால் பண்டிகை இரண்டுக்கும் பொது. ரோஸ் ஒரு ராசியான நிறம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே காகிதத்தில் ரோஸ் பட்டுப்புடவையை வைத்து விளம்பரம் செய்தால் ஒன்றும் தெரியாது. ஜவ்வரிசி விற்பவருக்குக் கறுப்புத் தட்டு பொருந்தலாம், மாம்பழம் விற்பவருக்குப் பச்சை இலை. பொருளை வைத்துப் பார்த்துதான் சொல்ல முடியும்.

இன்னொன்று. டார்க் தீம் வைத்திருக்கும் போன்களில் என் பக்கம் கறுப்பாக மாறும்போது, பழைய வெள்ளைப் படம் இருட்டில் ட்யூப்லைட் போல எரியும். ரோஸ் காகிதம் இரண்டு தீமிலும் உறுத்தாமல் நிற்கிறது. சோதிக்கும்போது இரண்டிலும் திறந்து பாருங்கள்.

இப்போது ரோஸ் படம்தான் எல்லோருக்கும் போகிறது. பழகப் பழகக் கண் இதையும் தள்ளிவிட்டுப் போகுமா என்று மாதாமாதம் விகிதத்தைக் குறித்து வருகிறேன். அண்ணன் மெட்டிக்கும் ஒரு பெட்டி கேட்கிறார். அதற்கு ரோஸ் காகிதம் ஒரு பக்கம், மெரூன் வெல்வெட் ஒரு பக்கம் என்று படம் எடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை தொடக்கம். அண்ணி நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் அ, அந்தப் பக்கம் ஆ என்று எழுதி வைத்துவிட்டார்.